இறந்தவளை மீண்டும் கொல்வது

ரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு வேர் நோய். ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராகச் சாகும்போது, முன்னே போனவர்தான் மற்றவர்களின் உயிரைக் குடிக்கிறார் என்று ஊர் நம்பியது. 1725இல் செர்பியாவின் கிசிலேவோ கிராமத்தில் தோண்டியெடுக்கப்பட்டது ஓர் ஆணின் பிணம். 1892இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஊரார் கைவைத்தது மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண்ணின் உடல்மீது. அவளும் தாயும் அக்காவும் காசநோயில் இறந்திருந்தார்கள். அண்ணன் எட்வின் நோயில் கிடந்தான். குளிர்காலத்தில் அவள் உடல் கெடாமலிருந்ததே குற்றமாயிற்று. இதயத்தை எரித்துச் சாம்பலை அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அவனும் இறந்தான்.

நாட்டார் அச்சம் ஆண், பெண் என்று பார்க்கவில்லை. இலக்கியம் பார்த்தது. 1897இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் லூசியை ஒரே நாளில் மூன்று ஆண்கள் பெண் கேட்கிறார்கள். மூவரையும் மணந்துகொண்டால் என்ன என்று தோழிக்கு விளையாட்டாக எழுதுகிறாள். எழுதிய கையோடு அது தவறு என்றும் சொல்லிக்கொள்கிறாள். நாவல் மறப்பதில்லை. அவள் நோயுற்றதும் அந்த மூவரும், மருத்துவரான வான் ஹெல்சிங்கும் தங்கள் ரத்தத்தை அவள் உடலில் ஏற்றுகிறார்கள். விளையாட்டாய்க் கேட்டது விபரீதமாய் நிறைவேறுகிறது. இறந்தபின் இரவில் எழுந்து குழந்தைகளின் ரத்தம் குடிப்பவளாகிறாள். அவள் நெஞ்சில் முளையை அறைபவன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தர். அதன்பிறகே அவள் முகத்தில் பழைய ‘தூய்மை’ திரும்புகிறதாம்.

இக்காட்சியை ஏன் விரும்பிப் படிக்கிறோம்? கட்டற்ற ஒரு பெண்ணைப் பார்க்கும் கிளர்ச்சியை நாவல் முதலில் தருகிறது. பிறகு அவளைத் தண்டித்து, அந்தக் கிளர்ச்சிக்கான குற்றவுணர்விலிருந்து நம்மை விடுவிக்கிறது. இரண்டு இன்பங்களும் ஒரே விலையில் கிடைக்கின்றன. விலை கொடுப்பவள் லூசி.

ஆனால் திகில் கதை எப்போதும் இப்படித்தான் முடிய வேண்டும் என்பதில்லை. ‘டிராகுலா’வுக்கு 25 ஆண்டுகள் முன்பே, 1872இல், ஷெரிடன் லே ஃபானு ‘கார்மில்லா’ எழுதினார். அதிலும் முளை உண்டு, ஆண்கள் கூடிக் கல்லறையைத் திறப்பதும் உண்டு. ஆனால் கதையைச் சொல்பவள், கார்மில்லாவால் பாதிக்கப்பட்ட லாரா. பல ஆண்டுகள் கழித்தும் வாசலில் கார்மில்லாவின் காலடி கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றுகிறது. அதில் அச்சமும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்று லாரா நம்மை வற்புறுத்துவதில்லை. ஸ்டோக்கரின் ஆண்கள் அடக்கம் செய்ய விரும்பியது அந்த ஏக்கத்தைத்தான்.