கட் விழும் இடம்

தமிழ் சினிமாவில் திருநங்கையை வைத்துச் சிரிக்கவைக்க வசனமே தேவைப்பட்டதில்லை. இரண்டு ஷாட் போதும். முதல் ஷாட்டில் தெருமுனையில் ஒருவர் கைதட்டுவார். அடுத்த ஷாட்டில் காமெடி நடிகர் முகத்தைச் சுளிப்பார், அல்லது சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொட்டகை சிரித்துவிடும். யோசித்துப் பார்த்தால் முதல் ஷாட்டில் வந்தவர் வேடிக்கையாக எதுவுமே செய்திருக்கமாட்டார். சிரிப்பு முழுக்க இரண்டாவது ஷாட்டின் வேலை. எடிட்டர் நம்மைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் காமெடியனின் தோளுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார். படம் விட்டு வெளியே வந்த பிறகும் நாம் அங்கிருந்து நகர்வதில்லை. ரயில் பெட்டியில் கைதட்டும் சத்தம் கேட்டதுமே முகம் தானாகச் சுளித்துக்கொள்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருநர் என்று பதிவானவர்கள் 22,364 பேர். தங்களைச் சொல்லிக்கொள்ளாதவர்கள் இதைவிட அதிகம் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், மாநிலத்தின் ஏழு கோடிப் பேரில் ஒரு திருநங்கையோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? மற்றவர்களுக்கெல்லாம் பழக்கம் செய்துவைப்பது சினிமாதான். நேரில் பழகினால் வெறுப்பு குறையும் என்று 1954-இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் எழுதினார். திரையில் பழகினாலும் குறையுமா என்று 2005-இல் எட்வர்ட் ஷியாப்பாவும் அவர் சகாக்களும் அமெரிக்க மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். குறையத்தான் செய்தது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, நம்மூர்த் தெருவே போதும். ‘பருத்திவீரன்’ வந்த பிறகு அதிலிருந்த ஒரு பாட்டைத் திருநங்கைகளைக் கண்டால் சீண்டுவதற்கென்றே இளவட்டங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சிரிப்புக்கு முன்னால் பயம் ஒன்று இருந்தது. மகேஷ் பட்டின் ‘சடக்’ (1991) படத்தில் விபசார விடுதி நடத்தும் மகாராணி என்ற திருநங்கையாக வந்து சதாசிவ் அம்ராபுர்கர் வட இந்தியாவை மிரட்டினார். வில்லனுக்கான பிலிம்பேர் விருதும் வாங்கினார். 2000-இல் அதுவே தமிழில் ‘அப்பு’ ஆனபோது அந்தப் புடவையைப் பிரகாஷ்ராஜ் கட்டிக்கொண்டார். இரண்டுமே தேர்ந்த நடிப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கெட்ட நடிப்பென்றால் படத்தோடு மறந்துபோகும். நல்ல நடிப்பு மனதில் தங்கிவிடுகிறது, இங்கே சிக்கலே அதுதான். நடுவில் 1995-இல் மணிரத்னம் ‘பம்பாய்’ படத்தில், கலவரத்தில் தொலைந்த குழந்தைக்கு அடைக்கலம் தரும் ஒரு திருநங்கையைக் காட்டினார். சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் குழந்தையின் கண்மட்டத்தில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தோம்.

‘காஞ்சனா’ (2011) இந்த விஷயத்தில் விசித்திரமான படம். அதை ஒரே மூச்சில் பாராட்டவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. முற்பகுதியில் ராகவா லாரன்ஸின் உடம்புக்குள் ஆவி புகுந்துகொள்கிறது. முரட்டுப் பையன் வளையல் அடுக்குகிறான், நளினமாக நடக்கிறான். அம்மா கோவை சரளாவும் அண்ணி தேவதர்ஷினியும் விழிபிதுங்க நிற்கிறார்கள். கட், முகம், சிரிப்பு. அதே பழைய சூத்திரம். பிற்பகுதியில் சரத்குமார் வருகிறார். ‘நாட்டாமை’யின் மீசையை எடுத்துவிட்டு, பொட்டு வைத்து, அகன்ற தோளில் புடவையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். பெற்றவர்கள் துரத்திவிட்ட காஞ்சனா, தன்னைப்போல் துரத்தப்பட்ட இன்னொருத்தியை வளர்த்து டாக்டருக்குப் படிக்கவைக்கிறாள். அவள் மேடையேறிப் பேசும்போது அரைமணி நேரம் முன்பு நளினத்தைப் பார்த்துக் கெக்கலித்த அதே கொட்டகை கைதட்டுகிறது. தான் சிரித்தது எதைப் பார்த்து என்பதை ஜனங்கள் அதற்குள் மறந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கூச்சமும் அந்தக் கைதட்டலில் கலந்திருந்திருக்கும். சரத்குமார் குரலை மெல்லியதாக்கிக் கொஞ்சாமல் தன் சொந்தக் கட்டைக் குரலிலேயே பேசியதுதான் அந்த வேடத்துக்குக் கம்பீரம் கொடுத்தது. ஆனால் அந்த மரியாதைக்குக் காஞ்சனா கொடுக்கவேண்டியிருந்த விலையைப் பாருங்கள்: தியாகியாக இருக்கவேண்டும், கொலையாகவேண்டும், அப்புறம் ஆவியாகவும் அலையவேண்டும்.

நான்கு வருஷம் கழித்து ஷங்கரின் ‘ஐ’ வந்தது. அழகுக் கலைஞர் ஓஸ்மாவாக ஓஜஸ் ரஜானி நடித்தார். நிஜத்திலும் அவர் திருநங்கை, நிஜத்திலும் பெயர்பெற்ற மேக்கப் கலைஞர். திருநங்கை வேடத்தில் திருநங்கையே நடிக்கவேண்டும் என்று வாதாடுகிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இந்தப் படத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தன் தொழிலில் கைதேர்ந்த ஒருவரைக் கேமரா முன்னால் நிறுத்திவிட்டு, அவர் நாயகன்மேல் ஆசைப்படுவதையே அருவருப்பாகக் காட்டினார்கள். அவர் தொட வந்தால் நாயகன் கூசுகிறான். அந்தக் கூச்சத்துக்கு கட் போகிறது. திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடியதில் வியப்பென்ன? நடிகர் தேர்வு சரியாக இருந்தும், பார்வை பழைய இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019). இங்கே ஷில்பாவாக நடிப்பவர் விஜய் சேதுபதி, மார்க்கெட் உச்சத்தில் இருந்த ஓர் ஆண் நடிகர். கதையின் தொடக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓடிப்போன மாணிக்கம் வருஷங்கள் கழித்துத் திரும்பிவருகிறான் என்று வீடே கூடி நிற்கிறது. வண்டியிலிருந்து புடவை கட்டிய ஷில்பா இறங்குகிறாள். சொந்தபந்தங்களின் திகைத்த முகங்களுக்கு கட் போவது வழக்கம்போலத்தான், சிரிப்பும் எழுகிறது. ஆனால் கேமரா அங்கே தங்குவதில்லை. கூட்டத்துக்குள் ராசுக்குட்டி என்ற பொடியன் இருக்கிறான், அப்பா வந்த சந்தோஷத்தில். அன்றிலிருந்து படம் அவனுடைய கண்ணை இரவல் வாங்கிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் அப்பா இல்லாத பையன் என்று கேலி செய்த கூட்டத்திடம் இதோ என் அப்பா என்று காட்டவேண்டும், அவனுக்கு அது ஒன்றுதான் முக்கியம். அப்பா புடவை கட்டியிருப்பது அவன் மனதில் ஒரு சின்னச் சந்தேகத்தைக்கூடக் கிளப்புவதில்லை. அஸ்வந்த் அசோக்குமார் என்ற அந்தச் சிறுவனின் நடிப்பை நான் சேதுபதியின் நடிப்புக்கு ஒரு படி மேலே வைப்பேன். அவன் முகத்தில் ஒரே ஒரு தரம் சங்கடம் தெரிந்திருந்தாலும் படம் கவிழ்ந்திருக்கும்.

ஷில்பா கண்ணாடி முன்னால் நின்று புடவை மாற்றும் காட்சி இந்தப் படத்தின் உச்சம். விக்கைக் கழற்றினால் முடி கொட்டிப்போன தலை. தாடையில் சவரம் செய்த பச்சை. விரல்கள் மட்டும் பழகிய விரல்கள்: கொசுவத்தை அளந்து மடித்து, செருகி, முந்தானையை இழுத்துவிட்டு, லேசாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நொடி வரைக்கும் நடிகர் எங்கும் அவசரப்படுவதில்லை. மற்ற படங்களில் ஆண் நடிகர் புடவை கட்டினால், பாருங்கள், நான் நடிக்கிறேன் என்று ஒரு துருத்தல் தெரியும். சேதுபதி அதை அடக்கிவிட்டார். குரலை ஏற்றவில்லை, மணிக்கட்டை வளைக்கவில்லை, கழுத்தின் சாய்விலும் நாணம் கலந்த ஒரு களைப்பிலும் எல்லாவற்றையும் வைத்துவிட்டார். மனைவி ஜோதியும் பிள்ளையும் பார்த்திருக்க இது நடக்கிறது. ஜோதியாக வரும் காயத்ரியின் முகத்தில் கோபம், ஏமாற்றம், ஆச்சரியம் எல்லாம் ஓடுகின்றன. அருவருப்பு மட்டும் வருவதில்லை. சேதுபதிக்கு அந்த வருஷத்தின் சிறந்த துணைநடிகர் தேசிய விருது கிடைத்தது. வேடத்துக்காகக் கிடைத்ததா, அந்த நிதானத்துக்காகக் கிடைத்ததா தெரியாது. நிதானத்துக்கு என்றால் சந்தோஷம்.

இத்தனை அருமையாகச் செய்த படம் ஓரிடத்தில் சறுக்கியது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. பம்பாயில் இருந்தபோது குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்கும் கும்பலிடம் கொடுத்த பாவத்தை ஷில்பா ஒரு சுரங்கப்பாதையில் ஒப்புக்கொள்கிறாள். கதாபாத்திரத்துக்குக் கறை வேண்டும், மகாத்மாவாக்கக் கூடாது என்பது எழுத்தாளர்களின் கணக்காக இருந்திருக்கலாம். மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் என்று தேர்ந்த கைகள் எழுதிய படம் இது. கறை வேண்டும்தான், காஞ்சனாவின் தூய்மை எனக்கும் அலுப்புத்தான். ஆனால் உலகத்தில் இத்தனை பாவங்கள் இருக்க, எதற்கு இந்தப் பாவம்? 2018 மே மாதம் ஹைதராபாத்தில், பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒரு கும்பல் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றது. அதற்குப் பத்து மாதம் கழித்து வந்த படம் இது. தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஷில்பாவைத் தெரு சீண்டுவதையும், போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கு நடக்கும் கொடுமையையும் நெஞ்சு பதறக் காட்டிவிட்டு, சந்தேகப்படுகிறவன் கையிலேயே ஆதாரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ரசிகர்கள் சிலர் அதைக் கலை தெரியாதவர்களின் புலம்பல் என்றார்கள். கலை தெரிந்தவர்கள்தான் முதலில் கண்டித்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. கண்ணாடிக் காட்சியில் அத்தனை நுட்பமாக நடந்துகொண்ட எழுத்து, சுரங்கப்பாதைக் காட்சியில் ஒரு தேய்ந்த வதந்தியைக் கடன் வாங்கியிருக்கிறது.

அதே வருஷம் பிப்ரவரியில் வெளியான ராமின் ‘பேரன்பு’ இத்தனை சத்தம் கிளப்பவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு அல்லாடும் அமுதவனாக மம்மூட்டி நடித்தார். மீராவாக அஞ்சலி அமீர், அவர் நிஜத்திலும் திருநங்கை. மீராவுக்குக் கண்ணீர்க் கதை கிடையாது. வீட்டில் துரத்தினார்களா, பம்பாய் போனாளா, ஆபரேஷன் எங்கே நடந்தது? படம் கேட்பதே இல்லை. அவள் பாலியல் தொழில் செய்கிறாள், வாடகை கொடுக்கிறாள், சிடுசிடுக்கிறாள், உதவி செய்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கும் அமுதவனைக் கரைக்கு இழுப்பவளும் அவள்தான். கடைசியில் அவர்கள் குடும்பமாகிறார்கள், அதற்கு மேளம்கூட இல்லை. மம்மூட்டி அளவுக்கு ஒரு நட்சத்திரம் ஒரு திருநங்கை நடிகைக்கு ஜோடியாக நின்றது பெரிய செய்தி. அந்தப் பெருமையைப் படம் விளம்பரப்படுத்திக்கொள்ளாதது அதைவிடப் பெரிய செய்தி. தேனி ஈஸ்வரின் கேமரா மீராவைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை நாம் பார்க்கிற தூரம் அது.

‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா எடுத்த ‘தங்கம்’ (2020) பற்றி ஒரு வரி. காளிதாஸ் ஜெயராம் திருநங்கை சத்தாராகவே வாழ்ந்திருந்தார். ஆபரேஷனுக்குச் சேர்த்த காசைக் காதலர்களுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தும் போகிற அந்த முடிவு மட்டும், காஞ்சனா கொடுத்த பழைய விலையை மறுபடியும் வசூலிப்பது. ‘நர்த்தகி’ (2011) நல்ல மனதோடு எடுத்த படம்; கல்கி சுப்ரமணியத்தைக் கதாநாயகியாக்கிய துணிச்சலுக்கு அதை நினைவில் வைத்திருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அருண் பிரபு புருஷோத்தமனின் ‘அருவி’யில் (2017) அஞ்சலி வரதன் நடித்த எமிலி. அவள் கதையின் மையமே இல்லை, நாயகியின் தோழி மட்டும்தான். பஞ்சாயத்து நிகழ்ச்சி நடக்கும் தொலைக்காட்சி ஸ்டூடியோவுக்கு அருவியோடு அவளும் வருகிறாள். அங்கே துப்பாக்கி வெளியே வந்து, பஞ்சாயத்து பண்ண உட்கார்ந்த பெரியமனிதர்களெல்லாம் சொன்னதைச் செய்யும் நிலைக்கு வந்தபோது, எமிலி துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் நிற்கிறாள். சங்கடப்பட்டு முகம் சுளிக்கிற வேலை இப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கனவான்களுக்கு. நான் பார்த்த கொட்டகையில் எமிலியோடு சேர்ந்து அவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்கள் விசிலே அடித்தார்கள்.