முடியத் தெரிந்த விளையாட்டு

"அவ்வளவுதானாண்ணா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுப் பையன். என் மடிக்கணினியில் 'வெண்பா' முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும். அவன் குரலில் இருந்தது ஏமாற்றமா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பதாவது படிக்கிறான். நாலு வருஷமாகக் கைப்பேசியில் விளையாடுகிறவன். ஆனால் ஒரு கேம் முடிந்து அவன் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவன் விளையாடுகிற எதற்கும் முடிவு என்ற ஒன்று கிடையாது.

நான் பள்ளங்கியில் இருந்து வேலை பார்க்கிறேன். கொடைக்கானல் பக்கம், வில்பட்டி வழியாக வர வேண்டிய ஊர். படிக்கட்டு மாதிரி இறங்கும் வயல்களில் கேரட், பீன்ஸ், உருளை, மலைப்பூண்டு. மழை பிடித்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். வேலையில் "மீட்டிங்ல இருக்கீங்களா, இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அதனால் 'விளையாட்டுத் துறையின் எதிர்காலம்' என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்கு முதலில் தோன்றுவது ஒரு சில்லறைக் கேள்வி: அது மழையில் ஓடுமா?

எதிர்காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது என்ன? எல்லாம் மேகக் கணினியில் இருக்கும், நீங்கள் சந்தா கட்டுவீர்கள், கேம் வாராவாரம் புதுப்பிக்கப்படும், ஒருபோதும் முடியாது. இதற்கு 'லைவ் சர்வீஸ்' என்று பெயர். 2017-ல் வந்த 'ஃபோர்ட்நைட்' காட்டிய லாபத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பாதையில் ஓடின. நானும் மென்பொருள்காரன்தான். 'ரிடென்ஷன்' என்ற சொல் வாரத்தில் ஒரு நாளாவது காதில் விழும். இன்று வந்தவரில் எத்தனை பேர் ஏழாம் நாள் திரும்பி வந்தார்கள், முப்பதாம் நாள் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற கணக்கு அது. தொடர்ந்து உள்ளே வருகிறவருக்கு ஒரு சின்னப் பரிசு, ஒரு நாள் தவறினால் அது அறுந்துபோகும் என்கிற பயம். அப்படி ஒன்றை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த வரைபடத்தில் 'முடித்துவிட்டு நிறைவாகப் போனவர்' என்று ஒரு கோடு கிடையாது. போனவர் எல்லாரும் இழப்புக் கணக்கில்தான் வருவார்கள்.

முடியாத விளையாட்டும் ஒரு நாள் முடியத்தான் செய்கிறது. எப்படி முடிகிறது என்பதுதான் விஷயம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. கோடிக்கணக்கானவர்கள் விளையாடிக்கொண்டிருந்த உலகம் ஒரு ஆணையில் மூடிக்கொண்டது. அதன் இந்திய வடிவம் 2021-ல் வந்தது, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து தூக்கப்பட்டது, 2023-ல் திரும்பி வந்தது. இது அரசு போட்ட முற்றுப்புள்ளி. நிறுவனங்களே போடுகிற முற்றுப்புள்ளியும் உண்டு. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்ட முடியாது. அந்தக் கோபத்தில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சோனியின் 'கான்கார்ட்' இன்னும் பரிதாபம். 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதை உருவாக்கிய ஸ்டுடியோவும் சீக்கிரமே மூடப்பட்டது.

இவை எதிலும் முடிவை ஆசிரியர் எழுதவில்லை. அரசாணையோ கணக்குப்பிள்ளையோ எழுதினார்கள். நாவல் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். கடைசி அத்தியாயம் வேறு, கடைசிப் பக்கம் கிழிந்துபோவது வேறு.

இந்தப் பின்னணியில்தான் 'வெண்பா'வைத் திரும்ப எடுத்தேன். டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலை 31-ல் வெளியானது. மறு வருடம் சுயாதீன விளையாட்டு விழாவில் பெரும் பரிசும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் வாங்கியது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் கவின், இவர்கள் கதை. ஆட்டம் முழுக்கச் சமையல். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது? பையன் மூன்று தட்டையும் குழிக்கு நேராகக் குழி வருகிற மாதிரி அடுக்கினான். ஆவி மேலே போகவில்லை. மறுபடி அடுக்கினான், மறுபடியும் அப்படியே. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், தட்டை மாத்தி மாத்தி வைடா. குழிக்கு மேல குழி வந்தா எப்படி வேகும்?" என்றார். வாழ்க்கையில் ஒரு கேமும் தொட்டதில்லை அந்த அக்கா. ஆனால் அந்த அறையில் அந்த நிமிஷம் கெட்டிக்கார ஆட்டக்காரர் அவர்தான்.

'வெண்பா'வின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். விரல் வேகத்துக்கு அது மதிப்பெண் போடுவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவை அது விளையாட்டின் விதியாக மாற்றுகிறது. பிற்பாடு கவின் வளர்ந்து தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறவன் ஆகிறான். அப்போது அதே புத்தகத்தை அவன் கண் வழியாகப் பார்க்கிறோம். அவனுக்குத் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. அம்மாவிடம் அழிந்துபோன காகிதமாக இருந்த இடைவெளி, மகனிடம் படிக்கத் தெரியாத மொழியாக மாறிவிடுகிறது. புதிர் அதேதான், காரணம் வேறு. இதை ஒரு சிறுகதையில் சொல்லலாம். ஆனால் நம் கையே தடுமாறுகிற அனுபவத்தைச் சிறுகதையால் தர முடியாது. இந்தக் கலைக்கென்று தனியாக ஒரு மொழி உண்டு என்பதற்கு எனக்கு இது ஒரு சான்று போதும்.

குறைகளும் இருக்கின்றன. விருது வாங்கியது என்பதற்காகவும் தமிழ் என்பதற்காகவும் அவற்றை விழுங்கிவிடக் கூடாது. தப்பாகச் சமைத்தால் ஒன்றும் ஆவதில்லை, திரும்ப முயலலாம், அவ்வளவுதான். அடுப்பில் நாம் செய்கிற எதுவும் குடும்பத்தில் நடக்கிற எதையும் மாற்றுவதில்லை. பேச்சில் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம், கதை தன் வழியில் போகும். பாவலனின் வேலை தேடும் அவஸ்தை வசனத்தில்தான் வருகிறது, நாம் அதை ஆடவில்லை. சமையலறையில் ஆட்டமாக இருப்பது, சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் சினிமாவாகிவிடுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருந்தால் இந்த இடைவெளி உறுத்தியிருக்கும். அது தன் அளவு தெரிந்து நிறுத்திக்கொள்கிறது.

இன்னொரு சங்கடம் கதைக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவில் கேம் என்றால் பெரும்பாலும் கைப்பேசி. 'வெண்பா' வெளியானபோது கணினியிலும் கன்சோல்களிலும்தான் வந்தது. தமிழ்ச் சமையலறையைப் பற்றிய ஒரு கேம், தமிழ்நாட்டுப் பையன் கையில் இருக்கிற ஒரே கருவியில் இல்லை. என் மடிக்கணினி இல்லாமல் அவன் இதைப் பார்த்திருக்கவே மாட்டான். வெளியான நாளிலேயே மைக்ரோசாஃப்டின் சந்தாத் திட்டத்திலும் இது இருந்தது. ஆக, முடிவில்லாத சந்தா உலகத்தின் அலமாரியில்தான் முடிவுள்ள கதைக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. சின்னக் குழுக்கள் தப்பிப்பிழைக்கப் பெரியவர்களின் வாடகை வீடு வேண்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு 'சிறியதே எதிர்காலம்' என்று கோஷம் போட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் இந்தக் கலையைப் பற்றி நடக்கும் பொதுப்பேச்சு முழுக்க ரம்மியைச் சுற்றித்தான். அதற்கு நியாயம் இருக்கிறது. பணம் போய் உயிரும் போன வீடுகள் இருக்கின்றன. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் எதைத் தடுக்க வேண்டும் என்பதைத்தான் சட்டம் சொல்லும். எதை ஆட வேண்டும், ஏன் அது நல்லது, எங்கே அது தோற்கிறது என்று சொல்ல விமர்சனம் வேண்டும். வாரத்துக்குப் பத்து சினிமா விமர்சனம் எழுதுகிற மொழியில் கேமுக்கு எத்தனை எழுதியிருக்கிறோம்? நாம் பேசாமல் விட்ட இடத்தில் அந்தப் பையனிடம் பேசுவது ரிடென்ஷன் வரைபடம் மட்டும்தான்.

அவன் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஆமாடா, அவ்வளவுதான்" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

நாலைந்து நாள் கழித்து நல்ல மழை. மாலையிலேயே டவர் போய்விட்டது. இரவு கதவைத் தட்டினான்.

"அண்ணா, அந்த இட்லி கேம் நெட் இல்லாம ஓடுமா?"

"ஓடும். ஆனா நீதான் முடிச்சிட்டியே?"

"அம்மா முழுசா பாக்கணுமாம்."

மடிக்கணினியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குத் தாங்கும். கொடுத்தனுப்பினேன்.