அக்கம்பக்கம் பேசாத போர்ட்டுகள்

ஒரே கட்டடத்தில் பலர் ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவருடைய கணினி இன்னொருவருடைய கணினியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் போர்ட்டுகளை ஒன்றோடொன்று பேசாமல் பிரித்துவைக்கும் பிரைவேட் விலான் இதற்கென்றே பிறந்தது. இதை நன்றாகவும் செய்கிறது. சுவிட்சில் அதை அமைத்த கையோடு வேலை முடிந்தது என்று புறப்பட்டுவிடுவதுதான் கவலை தருகிறது. மீதி வேலை ரௌட்டரில் கிடக்கிறது.

பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ 2017இல்தான் தனி மாவட்டமானது. தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே ஊத்தான் மெலிந்தாங் போன்ற சிறு பட்டணங்கள். அப்படி ஓர் ஊரில் ஒரு கடைவரிசையை எடுத்துக்கொள்வோம். கீழே கிளினிக், மளிகைக் கடை. மாடியில் கணக்காளர் அலுவலகம், டியூஷன் வகுப்பு. மொத்தம் 20 வாடகைதாரர்கள், எல்லாருக்கும் ஒரே ஃபைபர். ஆளுக்கொரு விலான் போட்டால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு ஐபி முகவரி ஒதுக்க வேண்டும். ஆக 80 முகவரிகள், 20 கேட்வே. பிரைவேட் விலானில் 32 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதி எல்லாருக்கும் போதும், கேட்வேயும் ஒன்றே.

அமைப்பு எளிது. பிரைமரி விலான் 100, அதன்கீழ் ஐசோலேட்டட் விலான் 101 என்று வைப்போம். வாடகைதாரர் அனைவரும் 101இல். ரௌட்டர் செருகிய போர்ட் மட்டும் பிராமிஸ்கியுவஸ். அது எல்லாரிடமும் பேசும். மற்றவர்கள் அதனிடம் மட்டுமே பேசலாம். கிளினிக்கின் இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேச வேண்டுமானால் கம்யூனிட்டி விலான் 102 என ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலன் கண்கூடானது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னக்ரை என்ற கணினிப் புழு, 445ஆம் போர்ட் வழியே ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவியது. ஐசோலேட்டட் போர்ட்டில் மாட்டிக்கொண்ட கணினி பக்கத்து முகவரியைத் தேடி ஏஆர்பி கேள்வி அனுப்பினால் பதிலே வராது. டியூஷன் வகுப்பில் ஒரு மடிக்கணினியில் புழு புகுந்தாலும் கிளினிக்கின் நோயாளிப் பதிவுகள் தப்பும். சிறு ஊருக்கு இது சாதாரண நன்மை அல்ல.

ஓட்டை எங்கே? தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்கு உள்வழி கிடையாது; ஆனால் சாலையில் இறங்கி அடுத்த வாசலில் ஏறிவிடலாம். இங்கும் அதே கதை. கெட்ட எண்ணம் கொண்டவன், பக்கத்துக் கணினியின் ஐபி முகவரியோடு கேட்வேயின் மேக் முகவரியைச் சேர்த்து பாக்கெட்டை அனுப்புகிறான். ரௌட்டருக்கான பாக்கெட் என்பதால் சுவிட்ச் விட்டுவிடுகிறது. ரௌட்டர் தன் கடமையாக அதைத் திருப்பிப் பக்கத்து அறைக்கே அனுப்புகிறது. இது சுவிட்சின் குற்றமில்லை, பிரைவேட் விலான் மட்டும் இதை மூடவும் மூடாது. உள்முகவரியிலிருந்து உள்முகவரிக்குப் போகும் பாக்கெட்டை மறுக்கும் விதியை ரௌட்டரில் எழுத வேண்டும். ஒரே வரி, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். யாரோ ‘பிரிண்டர் தெரியவில்லை’ என்று முறையிட்டதற்காக பக்கத்துக் கணினிக்கான ஏஆர்பி கேள்விக்கு ரௌட்டரே பதில் சொல்லும் லோக்கல் ப்ராக்ஸி ஏஆர்பியைத் திறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பிறகு தந்திரம்கூடத் தேவைப்படாது. புழுவும் நேராக நடந்துபோகும்.

விலை மலிந்த சுவிட்சுகளில் வரும் ‘புரொடெக்டட் போர்ட்’ வசதியைப் பிரைவேட் விலானுக்கு ஈடாக எண்ணுவதும் தவறு. அது ஒரே பெட்டிக்குள் மட்டும் தடுக்கும். இரண்டாவது சுவிட்சை இணைத்தவுடன், இங்குள்ள புரொடெக்டட் போர்ட்டும் அங்குள்ளதும் தாராளமாகப் பேசிக்கொள்ளும். சிஸ்கோ தன் பிரைவேட் விலான் முறையை 2010இல் ஆர்எஃப்சி 5517ஆக வெளியிட்டது தகவலுக்காகத்தான், எல்லாரையும் கட்டுப்படுத்தும் தரநிலையாக அல்ல. அதனால் ஹுவாவேயில் இதே காரியம் மக்ஸ் விலான் என்ற பெயரில் வேறு கட்டளைகளோடு வருகிறது. பழுதான சுவிட்சுக்குப் பதில் தெலுக் இந்தானில் கிடைத்த வேறு பிராண்டை மாட்டும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

வைஃபை இன்னொரு பொறி. ஹோம்ஸ்டேயில் ஓர் அக்சஸ் பாயின்ட்டை ஐசோலேட்டட் போர்ட்டில் செருகினால், அதில் இணைந்த விருந்தினர்கள் தங்களுக்குள் பேசுவது சுவிட்சுவரை வராமலே நடந்துவிடும். அக்சஸ் பாயின்ட்டிலேயே கிளையன்ட் ஐசோலேஷனைப் போட்டாக வேண்டும்.

எங்கும் இதைத் திணிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் ஆசிரியரின் கணினி மாணவர்களின் திரையைப் பார்க்க வேண்டும், எல்லாரும் ஒரே பிரிண்டரில் அச்சிட வேண்டும். அங்கே ஐசோலேட்டட் போட்டால் பாடம் நின்றுபோகும். கணினி அறைக்கு ஒரு விலான், அலுவலகத்துக்கு ஒரு விலான், நடுவில் ஃபயர்வால் விதி என்ற பழைய ஏற்பாடே அவர்களுக்குப் போதும். அதைப் பராமரிக்க வெளியூர் ஆளை அழைக்கவும் வேண்டியதில்லை.

கடைவரிசை உரிமையாளருக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் நான் சொல்வது இதுதான். நெட்வொர்க்கை அமைத்த குத்தகையாளருக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டு மடிக்கணினிகளை இரண்டு போர்ட்டுகளில் செருகச் சொல்லுங்கள். முதலில் சாதாரணமாகப் பிங் செய்யட்டும். அடுத்து, பக்கத்து ஐபிக்குக் கேட்வேயின் மேக் முகவரியைக் கையால் பதிந்துவிட்டு மறுபடி பிங் செய்யட்டும். இரண்டு மடிக்கணினிகளிலும் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பாக்கெட் போய்ச் சேர்ந்தாலும் பதில் திரும்பி வராது. இரண்டாம் பிங்குக்குப் பதில் வந்தால் ரௌட்டரில் அந்த ஒரு வரி இல்லை என்று பொருள்.