அளவுகோலும் மரக்கம்பங்களும்: கான்பெரா நினைவுச்சின்னம் பற்றி ஓர் இறையியல் மதிப்பீடு

உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் நாம் பெரும்பாலும் பிரசங்கிக்காத சட்டம் ஒன்று உண்டு. கொலையுண்ட ஒருவனின் உடல் வெளியிலே கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, உடல் கிடக்குமிடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்கள்வரை தூரத்தை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர் அந்த இரத்தத்தைக் குறித்து ஆண்டவர் முன் நின்று பாவநிவிர்த்தி வேண்ட வேண்டும். அவர்கள் கொன்றவர்கள் அல்லர், அருகில் இருந்தவர்கள். இங்கே தூரம் அளக்கப்படுவது பொறுப்பை ஏற்பதற்காகவே. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், கடலில் மாண்ட அகதிகளுக்காக எழுப்பப்பட்டுள்ள நினைவுச்சின்னத்தை இச்சட்டத்தின் ஒளியில் ஆராய விரும்புகிறோம்.

2001ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், சுமத்ராவிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் நீளமே உள்ள ஒரு பழைய படகு, ஏறக்குறைய 400 பேரை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவை நோக்கிப் புறப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஈராக், ஆப்கானிஸ்தான் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மறுநாள் ஜாவாவுக்குத் தெற்கே படகு மூழ்கியது. மாண்டவர் 353 பேர்: குழந்தைகள் 146, பெண்கள் 142, ஆண்கள் 65. பிழைத்தவர்களை இந்தோனேசிய மீனவர்கள் காப்பாற்றினர். அப்படகுக்குப் பின்னர் வழங்கப்பட்ட 'சீவ் எக்ஸ்' என்பதும் ஒரு பெயரன்று. சட்டவிரோதமாக நுழைவதாகச் சந்தேகிக்கப்படும் கலம் என்பதன் அலுவலகச் சுருக்கமும், எண் இடப்படாததைக் காட்டும் ஓர் எழுத்துமே அது.

அப்போது ஆஸ்திரேலியாவில் தேர்தல் காலம். படகு இந்தோனேசியக் கடலில் மூழ்கியது, எனவே தம் அரசுக்கு அதில் பொறுப்பில்லை எனப் பிரதமர் ஜான் ஹோவர்ட் கூறினார். சர்வதேசக் கடற்பகுதியில் மூழ்கியிருக்கலாம் என்று அவ்வரசின் ஆவணமே குறித்திருந்தது பின்னர் வெளிவந்தது. 2002இல் செனட் குழு, அதிகாரிகள் கடமை தவறினர் எனக் கருத ஆதாரமில்லை என்றது. ஆயினும் தீவிரக் கண்காணிப்பு நடைபெற்ற பகுதிக்கு அருகில் இத்தகைய பேரழிவு மூன்று நாள் அறியப்படாமல் இருந்தது அசாதாரணம் என்றும் சொல்லிற்று. உபாகமத்தின் மூப்பரும் தங்கள் கைகள் இரத்தம் சிந்தவில்லை என்றே அறிக்கையிடுகின்றனர். ஆனால் அவர்கள் உடலருகே வந்து, அளந்து, நின்ற பின்னரே அப்படிச் சொல்கின்றனர். பிலாத்துவோ தன் இருக்கையருகே தண்ணீர் வருவித்துக் கை கழுவினான். இவ்விரு கழுவுதல்களும் ஒன்றல்ல. கான்பெராவில் கேட்கப்பட்டது எது என்பதே கேள்வி.

அரசு அளக்க மறுத்த தூரத்தை எளிய மக்கள் அளந்தனர். உளவியலாளர் ஸ்டீவ் பிடல்பும், 1977இல் மூன்று சபை மரபுகள் இணைந்து உருவான ஆஸ்திரேலிய ஐக்கிய சபையின் போதகர் ஒருவரும் இம்முயற்சிக்கு முன்நின்றனர். பள்ளி மாணவர் ஒருவரின் எண்ணமே வடிவமாயிற்று. மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்ணிற மரக்கம்பம்; பெரியவர்களுக்கு உயரமானது, குழந்தைகளுக்குச் சிறியது. நாடெங்குமுள்ள பள்ளிகளும் சபைகளும் அவற்றில் ஓவியம் தீட்டின. 2006 அக்டோபரில் கம்பங்களை நட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஏறத்தாழ 2000 பேர் கூடி, அவற்றைக் கைகளிலேயே ஏந்தி நின்றனர். 2007இல் பர்லி கிரிஃபின் ஏரிக்கரையிலுள்ள வெஸ்டன் பூங்காவில் அவை நடப்பட்டன. வரிசையின் நடுவே கம்பங்கள் படகின் வடிவைக் காட்டி நிற்கின்றன.

இச்சின்னத்தின் மேன்மை அதன் அழகில் இல்லை. ஏந்திய கைகளில் இருக்கிறது. 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் தன் பிள்ளைகளின் உடல்களைப் பகலும் இரவும் காத்திருந்தாள். அவள் துக்கம் அரசன் காதுக்கு எட்டி, அவனை அடக்கம் செய்யவைத்தது. அதுபோன்றே, நிலம் மறுக்கப்பட்டபோது உடலையே நிலமாக்கி நின்ற மக்களின் புலம்பல் ஓர் இறைவாக்குச் செயல் எனலாம்.

ஆயினும் ஒரு குறையையும் சொல்லவேண்டும். குட்டையான கம்பங்கள் ஏன் இவ்வளவு மிகுதி? 1999 முதல் நடைமுறைக்கு வந்த தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்ற அகதி, தன் மனைவி மக்களை அப்போது முறைப்படி வரவழைக்க இயலாதிருந்தது. அவர்களைக் காண வெளிநாடு சென்றால் திரும்பிவரவும் இயலாதிருந்தது. ஆகவே கணவரும் தந்தையரும் ஆஸ்திரேலியாவில் இருக்க, குடும்பங்கள் படகேறின. மூன்று மகள்களை இழந்து பிழைத்த தாய் ஒருத்தியின் கணவரும் அங்கேதான் இருந்தார். ஆக, கம்பத்தின் உயரமே ஒரு சட்டத்துக்கு எதிரான சாட்சி. ஆனால் அதை அறியாத பார்வையாளர், ஓவியங்களின் வண்ணத்தில் மனம் கசிந்து ஆறுதலோடு வீடு திரும்பிவிடலாம். பரிவு உண்டாகும், பாவ அறிக்கை உண்டாகாது. யோசுவா 4இல் கற்கள் தாமாகப் பேசவில்லை; பிள்ளைகள் கேட்கும்போது தகப்பன்மார் விடை சொல்லவேண்டும் என்றே கட்டளை. விடை சொல்பவர் இல்லாவிடில் நினைவுச்சின்னம் பூங்காவின் அணிகலனாகிவிடும்.

இது நமக்கும் அயலான செய்தியன்று. நம் ஆலயச் சுவர்களில் பதித்த கற்களில் யார் பெயர்கள் உள்ளன? அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், நன்கொடை தந்தவர். 1983க்குப் பின் பாக் நீரிணையைக் கடக்கையில் மாண்ட அகதிகளும் உண்டு. அவர்களுக்காக ஆராதனையில் மன்றாடும் சபைகள் எத்தனை? போதகர்களாகிய நாம் முதலில் செய்யவேண்டியது சின்னம் எழுப்புவதன்று. உடல் கிடக்கும் இடத்துக்குச் சென்று, அங்கிருந்து நம் பலிபீடம்வரை உள்ள தூரத்தை உண்மையாய் அளப்பதே. அந்தத் தூரம் நாம் எண்ணுவதினும் குறைவாகவே இருக்கும்.