குதிகால் திரும்பும் இடம்

நார்வேக்காரர்கள் குளிர்காலத்தில் பூட்ஸுக்குள் போடும் தடித்த கம்பளிக் காலுறை மீது எனக்குத் தீராத ஆசை. மெல்லிய நூலில் ஆண்களுக்குப் பின்னினால் ஒரு சுற்றுக்கு 64 கண்ணிகளாவது வேண்டும். தடித்த நூலில் 44, 48 போதும். வேலை மளமளவென்று வளரும். இரு முனையும் கூரான ஐந்து ஊசிகள்: நான்கில் கண்ணிகள் நிற்க, ஐந்தாவது பின்னிக்கொண்டே போகும்.

கணுக்கால்வரை வெறும் சுற்றுதான். அழகெல்லாம் குதிகாலில். பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாக ஒரு பட்டை பின்ன வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றினால் பட்டை இன்னும் தடிக்கும். பிறகு வரிசையை முடிக்காமல் நடுவிலேயே திரும்பித் திரும்பிப் பின்ன, தட்டையாக இருந்தது கிண்ணம்போலக் குழிகிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. இதைக் கண்டுபிடித்த கைகளை வணங்கத் தோன்றுகிறது.

கம்பளியில் ஐந்தில் ஒரு பங்கு நைலான் கலந்த நூலே நல்லது. பூட்ஸில் உரசிக் குதிகால்தான் சீக்கிரம் தேயும். லேபிளில் சொன்னதைவிடச் சற்றே மெல்லிய ஊசியில் நெருக்கமாகப் பின்னுங்கள். ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தள்ளிப்போடாதீர்கள். இடைவெளி விழுந்தால் கையின் இறுக்கம் மாறி, ஜோடி ஒரே அளவில் அமையாது.