வீட்டு நீச்சல் குளம்: காசு எங்கே போக வேண்டும்?

வீட்டுத் தோட்டத்தில் கட்டும் நீச்சல் குளத்துக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது முதலில் வேண்டியது அதன் கொள்ளளவு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.35 மீட்டர் ஆழம் உள்ள குளம் சுமார் 43,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கு நடை அடிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் முழுவதும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆறு மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு 7,200 லிட்டர். பம்ப், ஃபில்டர், குழாய் எல்லாவற்றின் அளவும் இந்த எண்ணிலிருந்தே கிடைக்கும். இதைப் பேசாமல் எடுத்த எடுப்பில் மோட்டாரின் எச்.பி.யைச் சொல்லும் ஒப்பந்ததாரரை நம்பிக் குழி தோண்டக் கூடாது.

பிறகு மாற்ற முடியாதவை கான்கிரீட்டுக்குள் புதைபவை. அவற்றில் கஞ்சத்தனம் காட்டினால் குளம் இருக்கும்வரை மின்கட்டணமாகச் செலுத்த நேரிடும். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, 50 மி.மீ. குழாய்க்குப் பதில் 63 மி.மீ. போட்டால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். விலை வித்தியாசம் குளத்தின் மொத்தச் செலவில் தெரியாத அளவுக்குச் சிறியது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழாய்களை அடைத்து, அழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதும், குழாய் போகும் வழியைப் படம் எடுத்து வைப்பதும் செலவில்லாத வேலைகள்.

அடிமட்ட வடிகால் ஒன்றே போதும் என்ற வாதத்தை ஏற்கவே கூடாது. 2002-இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, சுடுநீர்த் தொட்டியின் வடிகால் இழுப்பில் சிக்கி மூழ்கி இறந்தார். அவர் பெயரிலேயே அங்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே பம்ப் இழுக்கும் இரண்டு வடிகால்களைக் குறைந்தது மூன்று அடி இடைவெளியில் அமைத்தால், ஒன்றை உடல் மறைத்தாலும் மற்றொன்று வழியாகத் தண்ணீர் போகும். இழுப்பு ஒரே இடத்தில் குவியாது. மூடிகளும் தட்டையாக இல்லாமல் குவிந்திருக்க வேண்டும்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை போல நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் இன்னொன்றும் அடித்தளத்திலேயே வேண்டும்: நீரழுத்த விடுவிப்பு வால்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தைக் காலி செய்தால் கீழிருந்து வரும் அழுத்தம் மொத்தத் தொட்டியையும் மேலே தூக்கிவிடும். எடை குறைந்த ஃபைபர் குளங்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பம்பில், வேகம் மாற்றக்கூடிய வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். சுழற்சி வேகம் பாதியானால் ஓட்டம் பாதியாகும். மின்தேவையோ எட்டில் ஒரு பங்காகும். இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும், அதே தண்ணீரைச் சுற்ற ஆகும் மின்சாரம் கால் பங்குதான். நடைமுறையில் இவ்வளவு மிச்சமாகாது என்றாலும் வித்தியாசம் பெரியதே. ஆனால் இதன் மின்னணுப் பலகை மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. ஸ்டெபிலைசர் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஃபில்டரில் மணல் வகை முரட்டுத்தனமானது, பராமரிக்க எளிது. 20 முதல் 40 மைக்ரான் வரையிலான தூசியைப் பிடிக்கும். பட்டியலில் எழுதியிருக்கும் திறன் பெரும்பாலும் அதிகபட்ச வேகத்துக்கானது; ஒரு அளவு பெரிதாக வாங்கினால் தண்ணீர் மெதுவாகக் கடந்து நன்றாகத் தெளியும். மேலே சொன்ன குளத்துக்கு 24 அங்குல விட்டம் பொருத்தம். இதன் குறை பேக்வாஷ்: ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீரை நம்பும் வீட்டுக்கு, கழற்றிக் குழாயடியில் கழுவும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரே மேல்.

அதிகம் ஏமாற்றம் தருவது உப்புக் குளோரினேட்டர். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு கலந்த தண்ணீரை மின்னாற்பகுத்து அங்கேயே குளோரின் தயாரிக்கும் கருவி இது. நம் குளத்துக்குத் தொடக்கத்தில் 150 கிலோ உப்பு வேண்டும். 'குளோரின் இல்லாத குளம்' என்று விற்கிறார்கள். அது சரியல்ல, குளோரின் டப்பாவில் வராமல் கருவியில் பிறக்கிறது, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் உள்ள ஊரில் இது வசதி. கடின போர்வெல் தண்ணீரில் தகடுகள்மேல் சுண்ணாம்பு படிந்து, அடிக்கடி அமிலத்தில் கழுவ வேண்டிவரும். தகட்டின் ஆயுளும் குறையும். கருவி ஓட ஓட தண்ணீரின் பி.எச். ஏறுவதால் படிவு இன்னும் வேகமாகும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் குளோரின் மாத்திரையே போதும். பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். 8-ஐத் தொட்டால் போட்ட குளோரினில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்யும். மாத்திரையையும் பிளீச்சிங் வகைத் தூளையும் ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். புற ஊதாவும் ஓசோனும் துணைக்கு மட்டுமே; தண்ணீரில் தங்கிக் கிருமியைக் கொல்லும் சக்தி அவற்றுக்கு இல்லை.

விளக்கு 12 வோல்ட் எல்.இ.டி.யாக இருக்க வேண்டும். குளம் சார்ந்த மின்சுற்று அனைத்துக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் வேலி அலங்காரப் பொருள் அல்ல. ஆஸ்திரேலியத் தரநிலை கேட்பது 1.2 மீட்டர் உயரமும் தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும் கதவும். அதற்குக் குறைந்து அமைக்கக் காரணம் எதுவும் இல்லை.

மற்றவை பணமும் ஆசையும் சார்ந்தவை. விளிம்பு தளும்பி வழியும் குளம் அழகு. ஆனால் தனிச் சமன்தொட்டி கேட்கும், ஆவியாகும் தண்ணீரும் கூடும். வெந்நீர் ஹீட் பம்ப் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பயன்படும், சென்னைக்கு வீண். அந்தக் காசில் ஒரு மூடுதிரை வாங்கினால் இலை விழாது, ஆவியாதலும் பெருமளவு குறையும். செயலி வழிக் கட்டுப்பாடு இல்லாமலே குளம் நன்றாக ஓடும். தரை தேய்க்கும் ரோபோ நல்ல கருவிதான். அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கட்டும்போது அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே: குளக்கரையிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி, மழை படாத ஒரு பிளக் பாயின்ட்.