நாட் கேட்வே விக்கெட் காப்பாளர் அல்ல

2019 ஜூலை 10, ஓல்ட் ட்ரஃபர்ட். கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி. குப்டில் எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் பட, 50 ஓட்டங்களோடு தோனி ரன் அவுட். அந்தப் போட்டியை ஹொட்ஸ்டார் நேரலைத் தளத்தில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 25.3 மில்லியன். தோனி போனதும் அது மடமடவென்று சரிந்தது. வெறுத்துப்போய்ப் பின்செல்லும் பொத்தானை அழுத்திய அத்தனை பேரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுந்தார்கள். வீடியோவின் சுமை இறங்கிய அதே கணத்தில் முகப்புப் பக்க சேவர்களின் சுமை எகிறியது.

அவ்வளவு கூட்டம் வராவிட்டாலும், சுன்னாகம் பக்கத்தில் கரப்பந்தாட்ட, உதைபந்தாட்டப் போட்டிகளை நேரலையில் விடும் பெடியள், சொந்தமாக ஒரு ஸ்கோர் செயலியைக் கிளவுட்டில் ஏற்றப் புறப்பட்டால் சீக்கிரமே ஒரு கேள்வியில் முட்டுவார்கள்: நாட் கேட்வேயா, கிளவுட் ஃபயர்வோலா?

உள்முகவரி மட்டுமே உள்ள சேவர்கள் வெளியே பேசப் போகும்போது நாட் கேட்வே தன் பொது ஐபி முகவரியைக் கொடுத்து அனுப்பும். வரும் பதிலைக் கேட்டவரிடமே சேர்க்கும். வெளியாள் தானாக உள்ளே நுழைய முடியாது. இதைப் பார்த்துத்தான் பலர் அதைக் காவல் என்று நம்பிவிடுகிறார்கள். உள்ளேயிருந்து போவது எங்கே போகிறது, எதைக் கொண்டு போகிறது என்று அது பார்ப்பதேயில்லை. அதைப் பார்ப்பது ஃபயர்வோலின் வேலை.

ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லொக்ஃபோர்ஜே நூலகத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்த ஓட்டையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பெயர் எழுதும் பெட்டியில் எதிரி ஒரு சிறு வரியை இட்டால் போதும். அதைப் பதிவேட்டில் எழுதப்போன ஜாவா சேவர், தானே எதிரியின் சேவரை அழைத்துத் தீய நிரலை வாங்கிக்கொண்டது. அழைப்பு உள்ளேயிருந்து போவதால் நாட் கேட்வே மரியாதையாக வழிவிடும். அனுமதித்த தளங்களுக்கு மட்டுமே போகலாம் என்று விதி எழுதிய ஃபயர்வோல் அங்கேயே மறித்திருக்கும். விதியை ஒழுங்காக எழுத ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம்.

வழிவிடும் வேலையிலும் நாட் கேட்வேக்கு மூச்சு வாங்கும். 2023 உலகக் கிண்ணத்துக்குத் தயாரான ஹொட்ஸ்டார் பொறியியலாளர்கள் கண்டது இது: உச்சச் சுமையில் பத்தில் ஒரு பங்கு வந்தபோதே, ஒரு கிளஸ்டர் (சேவர்த் தொகுதி) மட்டும் நாட் கேட்வேயின் கொள்ளளவில் பாதியைத் தின்றுவிட்டது. தரவு மைய வலயத்துக்கு ஒன்று என்றிருந்த கேட்வேயை உபவலையமைப்புக்கு ஒன்றாக்கினார்கள். அகமதாபாத் இறுதிப் போட்டியில் ஒரே நேரத்தில் 59 மில்லியன் பேர் பார்த்தார்கள். கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது, சேவர்கள் தோற்கவில்லை.

இனிக் காசு. அமேசானின் வடக்கு வர்ஜீனியா விலைப்படி நாட் கேட்வே ஒன்றுக்கு மாதம் சுமார் 32 டொலர். அமேசானின் நெட்வேர்க் ஃபயர்வோலுக்குச் சுமார் 284 டொலர். கடந்துபோகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் கட்டணம் தனி. முகவரி மாற்றும் வேலையை அந்த ஃபயர்வோல் செய்யாது என்பதால் அதை எடுத்தாலும் நாட் கேட்வேயும் கூடவே வேண்டும். மைக்ரோசொஃப்டின் அஸூர் ஃபயர்வோல் இரண்டு வேலையையும் தானே பார்க்கும்.

ஒரே ஒரு சேவர் வைத்திருக்கும் ஊர்க் கழகத்துக்கு, என் கணிப்பில், இரண்டுமே வேண்டாம். பொது முகவரியோடு சேவரை வைத்து, அமேசானில் இலவசமாகக் கிடைக்கும் செக்யூரிட்டி குரூப் என்ற விதிப்பட்டியலில் தேவையான போர்ட்டுகளை மட்டும் திறந்தால் போதும். வெளியே போகும் பக்கம் அதில் முழுதாகத் திறந்தபடியே வரும். அதையும் கையோடு இறுக்க வேண்டும். சேவர்கள் பலவாகி உள்வலையமைப்புக்குள் போகும்போது நாட் கேட்வே வரட்டும். நுழைவுச்சீட்டு விற்று, பார்வையாளரின் தொலைபேசி எண்ணும் அட்டை விவரமும் கைக்கு வருகிற அன்றைக்கு ஃபயர்வோல் செலவைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது.

நாட் கேட்வே வைத்த பிறகு போட்டி வீடியோக்களை அமேசானின் எஸ்3 களஞ்சியத்துக்கு அதன் வழியே ஏற்றுவது வீண் செலவு. அதே பிராந்தியத்துக் களஞ்சியமென்றால் கேட்வே எண்ட்பொயின்ட் என்ற நேர்வழி இலவசம்.